மோசின்-நாகன் துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டுவது ஏன் இவ்வளவு சிக்கல்?

சோவியத் ராணுவத்தின் பழைய 91/30 மோசின்-நாகன் மேல் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) நேரடியாகத் திருகி மாட்டிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. தடை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிதான். அது நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டைத் திறக்கும்போது மேலே எழும்பி, தாழ்வாக இருக்கும் ஸ்கோப்பில் இடிக்கும்.

சோவியத்துகள் இதற்கு அழகான தீர்வு கண்டார்கள். ஸ்னைப்பர் துப்பாக்கிகளில் கைப்பிடியை நீட்டிக் கீழே வளைத்தார்கள், 3.5 மடங்கு பெரிதாக்கும் பி.யூ. ஸ்கோப்பை இடப்பக்கத் தாங்கியில் பொருத்தினார்கள். ஆனால் ஸ்கோப் மேலே மறைப்பதால் 5 தோட்டாக்களை ஒன்றாகப் பிடித்திருக்கும் கிளிப்பைச் செருக இடமில்லை. ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட வேண்டும்.

இன்று வாங்கியவருக்கு நான் சொல்வது: துளை போடாதீர்கள். போட்ட துளையைத் தடயமில்லாமல் மறைப்பது கடினம், சேகரிப்பாளரிடம் மதிப்பும் போய்விடும். பின்பக்கக் குறிகாட்டியின் தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த அடித்தளத்திலேயே பூட்டும் தாங்கி கிடைக்கிறது. அது குழலின் மேல் வெகு முன்னால் நிற்பதால், கண்ணிலிருந்து தள்ளியிருந்தாலும் தெளிவாகக் காட்டும் ஸ்கோப்பே (long eye relief) வேண்டும். சாதாரண ஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பு வளையம்தான் தெரியும். ஸ்கோப் முன்னால் இருப்பதால் கிளிப்பும் வழக்கம்போல் வேலை செய்யும். கழற்றிய தகட்டையும் அதைப் பிடித்திருந்த ஊசியையும் பத்திரமாக வையுங்கள். உதைப்பு பலமானது, சில சுடுதல்களுக்கு ஒருமுறை திருகுகளைச் சரிபாருங்கள்.