பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஜேம்ஸ் பிளிஷின் ஸ்டார் ட்ரெக் கதைத் தொகுதியில் வரும் ‘தி அன்ரியல் மெக்காய்’ எந்த எபிசோடு?

அது ‘தி மேன் ட்ராப்’. 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் எபிசோடு. உப்பை உறிஞ்சும் அந்த ஜந்து வருமே, அதுதான். எபிசோடு பட்டியலில் இந்தப் பெயர் இல்லை, கதையும் அங்கங்கே மாறுகிறது என்பதற்காகப் பழைய புத்தகக் கடைக்காரர் உங்களை ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

ஜேம்ஸ் பிளிஷ் இந்தத் தொகுதிகளில் உள்ள கதைகளை எபிசோடுகளின் திரைக்கதைப் பிரதிகளை வைத்து எழுதினார். படப்பிடிப்புக்குள் மாறிய விஷயங்கள் அவர் கையிலிருந்த பிரதியில் இருக்காது. தலைப்பும் மாறியிருக்கும்: ‘சார்லி எக்ஸ்’ எபிசோடு இவரிடம் ‘சார்லிஸ் லா’. இரண்டாம் தொகுதியில் ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ கதைக்கு, அந்த எபிசோடை எழுதிய ஹார்லன் எலிசனின் மூலப் பிரதியையும் ஒளிபரப்பானதையும் கலந்துகொண்டார். எனக்கு அந்தக் கலவை பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

சரி, உறுதி செய்ய உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். மொத்தம் 7 கதைகள், அவற்றில் ‘சார்லிஸ் லா’வும் இருந்தால் அது 1967இல் பாண்டம் பதிப்பகம் வெளியிட்ட முதல் தொகுதியின் உள்ளடக்கம்தான்.

அப்புறம் ஒன்று. மீதியையும் வாங்குவதாக இருந்தால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். முதலில் வந்தவை 12 தொகுதிகள். பிளிஷ் 1975இல் இறந்துவிட, 12ஆவதை அவர் மனைவி ஜே. ஏ. லாரன்ஸ் முடித்தார். பிறகு இதே கதைகள் கூட்டுத் தொகுப்புகளாகவும் வந்தன. ஒரே கதைக்கு இரண்டு முறை காசு கொடுத்துவிடாதீர்கள்.