சூட்டு வலியா, குடல்வால் வலியா?

கேள்வி: சென்ற மாதம் என் 14 வயது மகனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் நாள் என் மாமியார், "சூட்டு வலிதான், விளக்கெண்ணெய் கொடு" என்றார். கொடுத்திருந்தால்? - வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கொடுக்காததே நல்லது. குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளருகே மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, இருமினாலும் நடந்தாலும் கூடும். பசியின்மை, வாந்தி, இலேசான காய்ச்சல் ஆகியவையும் உடன் வரலாம். அந்நிலையில் பேதி மருந்து குடலை முடுக்கி, வீங்கிய குடல்வால் வெடிக்க வழிசெய்யக்கூடும். வயிற்றை அழுத்திப் பார்ப்பதுடன், இரத்த வெள்ளையணு எண்ணிக்கையும் ஸ்கேனும் நோயைக் கண்டறிய உதவுகின்றன. சிறு துளைகள் வழியே குடல்வாலை அகற்றுவதே வழக்கம். சிக்கலற்ற சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுப்பதுண்டு, ஆனால் நோய் திரும்பக்கூடும். கடும் வலி திடீரெனத் தணிந்தால் குணமாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பிவிடக் கூடாது. குடல்வால் வெடித்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.