ஆலோசகரிடம் சொன்னது மேலாளர் காதுக்குப் போகுமா?

கேள்வி: எங்கள் நிறுவனம் ஊழியர்களுக்கு இலவச மனநல ஆலோசனை ஏற்பாடு செய்திருக்கிறது. ஆறு முறை வரை பேசலாமாம். சில மாதங்களாக எனக்குச் சரியான உறக்கமில்லை. வேலையில் சிறு பிழை நேர்ந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் கட்டணம் செலுத்துவது நிறுவனம்தானே? நான் சொல்வதெல்லாம் மேலாளருக்குத் தெரிந்து, பதவி உயர்வுக்குத் தடையாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: பணம் கொடுப்பவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர் என்றால் இந்த ஐயம் எழத்தான் செய்யும். பெரும்பாலான நிறுவனங்களில் இத்திட்டத்தை வெளி அமைப்பொன்றே நடத்துகிறது. எத்தனை பேர் வந்தார்கள், பொதுவாக எவ்வகைச் சிக்கல்களுக்காக வந்தார்கள் என்ற தொகுப்புக் கணக்கையே அது நிறுவனத்துக்குத் தருவது வழக்கம். அதில் பெயர்கள் இடம்பெறுவதில்லை. ஆனால் பத்துப் பேர் பணிபுரியும் சிறிய கிளையில் 'இருவர் வந்தனர்' என்று எழுதினாலே ஆளை ஊகித்துவிட முடியும் என்பதால், சிறு குழுக்களின் கணக்கைத் தனியே காட்டுவீர்களா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். ஆலோசகர்கள் இக்கேள்விக்குப் பழக்கப்பட்டவர்களே.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நெருங்கியிருக்கிறது என்று தெரிந்தாலும், குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தாலும், நீதிமன்றம் ஆணையிட்டாலும் ஆலோசகர் மௌனம் காக்க இயலாமல் போகலாம். விவரங்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவை. நீங்களாகச் செல்வதும் மேலாளர் அனுப்பிச் செல்வதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மேலாளர் முறைப்படி அனுப்பி வைத்தால், நீங்கள் அமர்வுக்கு வந்தீர்களா என்பதையாவது தெரிவிக்க உங்களிடம் ஒப்புதல் படிவம் கேட்பார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். அலுவலக மின்னஞ்சலிலோ அலுவலகக் கணினியின் நாட்காட்டியிலோ சந்திப்பு நேரத்தைப் பதிவு செய்யாதீர்கள். ஆலோசகர் எவ்வளவு காத்தாலும் இந்த வழியாகத்தான் பல நேரங்களில் செய்தி கசிகிறது.

ஆறு அமர்வுகள் என்பது குறுகிய கால உதவி. ஒரு சிக்கலை அடையாளம் கண்டு, கையாளும் வழிகளைப் பயில அது போதும். நீண்ட சிகிச்சை தேவைப்பட்டால் ஆலோசகர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அந்தச் செலவுக்கு மருத்துவக் காப்பீட்டைப் பயன்படுத்தினால் நோயின் பெயர் காப்பீட்டு நிறுவனத்தின் பதிவில் ஏறும் என்பதால், அது வேறு கணக்கு. உறக்கமின்மைக்கும் படபடப்புக்கும் தைராய்டு மிகைச் சுரப்பு போன்ற உடற்காரணங்களும் இருக்கக்கூடும். ஆகவே பொது மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு குழுத் தலைவர். என் குழுவில் ஒருவர் முற்றிலும் களைத்துப் போயிருக்கிறார். ஆலோசனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். என் கடமை முடிந்ததா?

பதில்: முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி நெருக்கடியால் விளையும் நிலையாகவே விவரிக்கிறது. சக்தியெல்லாம் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புக் கொள்ளுதல், செயல்திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். வேர் பணியில் இருக்கும்போது, வாரம் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் பேசிவிட்டு அதே பளுவுக்குத் திரும்பும் மனிதர் எவ்வளவு தேறுவார்? திட்டத்தை அறிவித்துவிட்டுப் பணிநேரத்தைத் தொடாமல் விடும் நிறுவனங்கள் பல. எனக்கு அதில் உடன்பாடில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் பணியிடச் சூழலை மாற்றுவதையும், துயரில் இருக்கும் ஊழியரை இனங்காண மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் பரிந்துரைக்கின்றன. நீங்கள் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை; ஆலோசனையில் என்ன பேசினார் என்று கேட்கவும் கூடாது. அவர் கையிலுள்ள பணிகளை அவரோடு அமர்ந்து பட்டியலிட்டு, எவற்றைத் தள்ளிப்போடலாம், எவற்றைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். இரவில் செய்தி அனுப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.