சிகரெட்டை விட்ட புதிதில் வரும் ஆசையை எப்படிச் சமாளிப்பது?

கேட்டவர் புகைப்பதை நிறுத்தி மூன்று நாள் ஆகிறதாம். நினைத்துக்கொண்டாற்போல் ஆசை வருகிறது, இருப்புக்கொள்ளவில்லை, வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன், இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பல வருடம் புகைத்தவன், விட்டும் பல வருடம் ஆனவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் உச்சம். இரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அதனால் கடைசி சிகரெட்டை அணைத்த சில மணி நேரத்திலேயே உடம்பு அதைத் தேட ஆரம்பித்துவிடும். அந்தத் தேடல் முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும், அப்புறம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் படிப்படியாக அடங்கும். "மூணு நாளிலேயே இந்தப் பாடு என்றால் இன்னும் போகப் போக என்ன ஆகுமோ" என்ற பயத்திலேயே பலர் மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். போகப் போகக் குறையத்தான் செய்யும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆசை என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, காலையில் கண் விழித்ததிலிருந்து நாள் முழுக்கப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பது: ஒரு நிலைகொள்ளாமை, கவனம் நிற்காமல் போவது, எதைத் தொட்டாலும் எரிச்சல், தலை பாரம். இது உடம்பின் பசி. இன்னொன்று, நன்றாக இருந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று எழுவது: சாப்பிட்டு முடித்ததும், ஒரு போன் பேசி முடித்ததும், யாரிடமோ வாக்குவாதம் செய்துவிட்டு வெளியே வந்ததும். இது பழக்கத்தின் பசி. முன்னதற்கு மருந்து இருக்கிறது. பின்னதற்கு மருந்து அவ்வளவாக உதவாது, வேறு வழி பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, "மன உறுதியால் எல்லாவற்றையும் தாங்கிவிடுவேன்" என்று பல்லைக் கடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தேவையில்லாத கஷ்டம் அது.

உடம்பின் பசியை எடுத்துக்கொள்வோம். புகையை இழுத்தால் நிகோடின் பத்திலிருந்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். வருடக்கணக்கில் இப்படிக் கிடைத்துப் பழகிய மூளை, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் எண்ணிக்கையையே கூட்டி வைத்திருக்கும். நீங்கள் நிறுத்தியதும் அவை எல்லாம் காலியாக நிற்கின்றன. எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும். உங்கள் எரிச்சலுக்குக் காரணம் இதுதான். இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. புகைத்தால் மனசு அமைதியாகிறது என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதியும் இதுதான்: முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பை அடுத்த சிகரெட் தீர்த்துவைத்தது, அவ்வளவுதான்.

இதற்குத்தான் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் இருக்கின்றன. "விடுவதற்கு எதற்கு மறுபடி நிகோடின்" என்று நிறையப் பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். நிகோடின் அடிமைப்படுத்தும், சரி. ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பது பெரும்பாலும் எரியும் புகையிலையிலிருந்து வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். பட்டை அதையெல்லாம் தராமல் நிகோடினை மட்டும் மெதுவாகக் கொடுத்து, பின்னணித் தவிப்பைத் தணிக்கிறது. பட்டையை மட்டும் ஒட்டிக்கொள்வதைவிட, பட்டையோடு சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்கு விட்டுவிடும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன.

சூயிங்கம் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் "மென்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, விக்கல்தான் வந்தது" என்று சொல்பவர்களில் அனேகம் பேர் அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றிருப்பார்கள். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் தொண்டை எரிச்சலும்தான் மிஞ்சும். அது வேலை செய்வது வாயின் உட்புறத் தோல் வழியாக. மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் தெரியும். தெரிந்தவுடன் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் மங்கியதும் மறுபடி மெல்லுங்கள், இந்த முறை வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே காபி, பழச்சாறு, சோடா போன்ற புளிப்புத் தன்மை உள்ளவற்றைக் குடிக்காதீர்கள், வாயில் நிகோடின் ஏறாது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கும் ஆளாக இருந்திருந்தால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. ஆசை தலைக்கேறிய பிறகு எடுத்தால் தாமதம். முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரம் வைத்து எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

இதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நிகோடின் மாற்று சிகிச்சையோடு (பட்டை, சூயிங்கம் போன்றவை) வேரெனிக்ளின், புப்ரோப்பியான், சைட்டிசின் ஆகிய மூன்றையும் பரிந்துரைத்திருக்கிறது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும் என்றும் சொல்கிறது. மருந்து எடுப்பதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் பெரும்பாலானோர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இருப்பது அந்த எட்டு நாளுக்குள்தான்.

இனி பழக்கத்தின் பசி. எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவேன். ஈரத்தைத் துடைத்த கை அப்படியே சட்டைப் பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. அந்த ஒரு கணத்தில், எதையோ எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு பதைப்பு வரும். புகைக்க வேண்டும் என்று நான் யோசித்திருக்கவே மாட்டேன். யோசனைக்கு முன்னாலேயே கை போய்விடும். ஆயிரக்கணக்கான தடவை சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு சிகரெட் வந்திருக்கிறது, உடம்பு அந்த வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இதோடு வாதாடிப் பயனில்லை என்று புரிந்ததும் வரிசையையே மாற்றினேன். கடைசி வாய் உள்ளே போனதும் நேராகப் போய்ப் பல் தேய்ப்பேன். வாயில் பற்பசையின் புதினா வாசம் இருக்கும்போது புகையை நினைத்தாலே ஒட்டவில்லை. தேய்த்து முடித்து வெளியே வருவதற்குள் அந்தப் பதைப்பும் போயிருக்கும்.

நீங்களும் உங்களுக்கு அப்படி வரும் வேளைகளை ஒரு தாளில் எழுதுங்கள். காலைக் கழிப்பறை, வண்டியை எடுக்கும் நேரம், வேலையின் இடைவேளை, தூங்கப் போகுமுன் என்று ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வேளையில் எதை மாற்றப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "ஆசை வந்தால் மனசைத் திருப்புவேன்" என்று எழுதினால் போதாது. "இடைவேளையில் மற்றவர்கள் புகைக்கப் போகும்போது நான் தண்ணீர் பாட்டிலோடு மாடிப்படி ஏறி இறங்குவேன்" என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். பத்து நிமிட வேக நடை ஆசையைக் குறைக்கிறது என்பது பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அப்புறம் லைட்டர், சாம்பல் கிண்ணம், அவசரத்துக்கு என்று ஒளித்து வைத்த பாக்கெட் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது.

மாற்ற முடியாத வேளையில் ஆசை வந்துவிட்டால்? கடிகாரத்தைப் பாருங்கள். சும்மா சொல்லவில்லை. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு நேரம் நகர்வதே மெதுவாகத் தெரியும். ஐந்து நிமிடம் கால் மணி நேரம் மாதிரி இழுக்கும். "அரை மணி நேரமாகத் தவிக்கிறேன்" என்று தோன்றும்போது மணி பார்த்தால் நாலு நிமிடம்தான் போயிருக்கும். நான் ஒரு சின்ன நோட்டில் ஆசை தொடங்கிய நேரத்தையும் அடங்கிய நேரத்தையும் குறித்து வந்தேன். அனேகமாக எதுவும் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகு, "இது போகவே போகாது" என்ற பயம் விட்டுப்போனது.

அந்த ஐந்து நிமிடத்தில் ஆசையை அமுக்கப் பார்க்காமல் கவனிக்கப் பாருங்கள். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்லிக்கொடுத்த முறை இது: அலைமேல் சறுக்குபவர் அலையோடு மல்லுக்கட்டாமல் அதன் மேலேயே நிற்பதுபோல ஆசையின் மேலே நிற்பது. நெஞ்சில் இறுக்கமா, தாடையிலா, வாயில் எச்சில் ஊறுகிறதா, விரல்கள் துறுதுறுக்கின்றனவா? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். முதல் இரண்டு தடவை சிரமமாக இருக்கும். அப்புறம் கைவந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், காபி. சிகரெட் புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி காஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கும். நிறுத்தியதும் அந்த வேகம் சில நாட்களிலேயே குறைந்துவிடும். அதனால் வழக்கமான அதே அளவு காபிக்கு இப்போது உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் வரும், நாம் பழியைச் சிகரெட்டை விட்டதன்மேல் போடுவோம். காபி, டீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம். எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் நேராகப் பேசிவிடுங்கள். "இன்னும் இரண்டு வாரத்துக்கு நான் சுள்ளென்று ஏதாவது சொன்னால் அது உங்கள்மேல் கோபம் இல்லை, நான் பேசாமல் எழுந்து போனால் பின்னாலேயே வராதீர்கள்" என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு வீட்டில் சண்டை குறைந்தது. புகைக்கும் நண்பர்களிடமும், விளையாட்டுக்குக்கூட நீட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மது அருந்துபவராக இருந்தால் சில வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். எத்தனையோ பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

மனசு பேரம் பேசும். "ஒன்றே ஒன்று", "பாதி மட்டும்", "இவ்வளவு நாள் இருந்ததற்கு ஒரு தம் அடித்தால் என்ன". இதற்குப் பதிலை இப்போதே, ஆசை இல்லாத நேரத்தில், முடிவு செய்துவிடுங்கள்: ஒரு இழுப்புகூடக் கிடையாது. ஆரம்ப வாரங்களில் ஒரு இழுப்பு இழுத்தவர்களில் பெரும்பாலோர் பழையபடி முழுதாகத் திரும்பிவிடுகிறார்கள் என்பதால் இதில் நான் கறாராக இருக்கிறேன். அப்படியும் ஒன்று நடந்துவிட்டால், "எல்லாம் போச்சு" என்று பாக்கெட்டை முடிக்காதீர்கள். மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பட்டையைக் கழற்றாமல் அடுத்த மணி நேரத்திலிருந்து தொடருங்கள்.

மற்றவை சுருக்கமாக. இருமல் கொஞ்சம் கூடலாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. மலச்சிக்கல் வரும், நிறையத் தண்ணீர் குடியுங்கள். பசி கூடும். முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறலாம், இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்கித் திணறாதீர்கள். இரவில் பட்டையோடு தூங்கி விசித்திரமான கனவுகள் வந்தால் படுக்குமுன் கழற்றிவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் நிகோடின் பட்டையைத் தொடுமுன் மருத்துவரைப் பாருங்கள். குறிப்பாக மனநலத்துக்கான குளோசபின், ஓலன்சபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் எடுப்பவர்கள், சிகரெட்டை விட்டதை மருத்துவரிடம் உடனே சொல்லியாக வேண்டும். காஃபீனுக்குச் சொன்ன அதே காரணத்தால் இந்த மருந்துகளும் உடம்பில் அதிகமாகத் தங்கும், அளவைக் குறைக்க வேண்டிவரலாம். எரிச்சல் போய் அதன் இடத்தில் ஆழ்ந்த சோர்வு வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அதைச் சிகரெட் ஆசை என்று நினைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.