வாசகர் கேள்வி: பினாங்கில் மூன்று நாள், எங்கே தங்குவது?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பள்ளி விடுமுறையில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் பினாங்குக்குப் போக எண்ணியிருக்கிறோம். சொந்த வண்டி இல்லை. பிள்ளைகள் பத்து ஃபெரிங்கியில் கடலோர ஹோட்டல்தான் வேண்டும் என்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய மாமியாருக்கு இப்போது முழங்கால் வலி. மலைமேல் இருக்கும் முருகனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. எங்கே தங்கினால் எல்லாருக்கும் ஒத்துவரும்? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: ஜார்ஜ்டவுன் பட்டணத்திலேயே தங்குங்கள், சகோதரி. பத்து ஃபெரிங்கி தீவின் வடகரையில் இருக்கிறது. அங்கே அறை எடுத்தால், கோயிலுக்கும் மலைக்கும் கடைத்தெருவுக்கும் ஒவ்வொரு முறையும் வளைந்து நெளிந்து போகும் கடலோரச் சாலையைக் கடந்துதான் வர வேண்டும். விடுமுறை நாளில் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஜார்ஜ்டவுனில் தங்கினால், ஒரு நாளை மட்டும் கடலுக்கென்று ஒதுக்கிவிட்டு, படகுத்துறையில் 101ஆம் எண் பேருந்தில் ஏறி, பிள்ளைகள் வேண்டிய மட்டும் மணலில் ஆடியபின் மாலையில் திரும்பிவிடலாம்.

போய்ச் சேர்வதும் எளிது. நம் ஊரில் நிற்கும் இ.டி.எஸ். மின்சார ரயிலில் ஏறினால் கோலகங்சார், தைப்பிங், புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பட்டர்வொர்த் வந்துவிடும். எல்லா வண்டிகளும் இங்கே நிற்பதில்லை. நேரத்தைப் பார்த்து, விடுமுறைக் காலம் என்பதால் முன்கூட்டியே இடம் எடுத்துவிடுங்கள். ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. அக்காலத்தைப் போல இப்போது படகில் கார்களை ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுந்தான். வண்டி இல்லையே என்ற குறை உங்களுக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அறை எடுப்பதில்தான் கவனம் வேண்டும். லிட்டில் இந்தியாவிலும் சூலியா தெருவைச் சுற்றியும் பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மாடிக்கு ஏறும் மரப்படிகள் ஏணிபோலச் செங்குத்தாக நிற்கும், பலவற்றில் மின்தூக்கி கிடையாது. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: மின்தூக்கி உண்டா, கீழ்த்தளத்தில் அறை உண்டா, அறைக்குச் சன்னல் உண்டா. மூன்றாவது கேள்வி எனக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்தது. படத்தில் நீலத் திரை தொங்கிய அறை ஒன்றை நம்பிப் போய், காற்று வரட்டுமே என்று அந்தத் திரையை விலக்கினேன். பின்னால் வெள்ளையடித்த சுவர் இருந்தது! லவ் லேன் பக்கம் இரவு நெடுநேரம் மதுக்கூடங்களின் இரைச்சல் ஓயாது; மாமியாரோடு போகும் நீங்கள் அந்தத் தெருவைத் தவிர்ப்பது நல்லது. கொம்தார் கோபுரத்தின் பக்கத்து உயரமான ஹோட்டல்களில் பழைமையின் அழகு இல்லைதான், ஆனால் மின்தூக்கி இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு நான் அதையே சொல்வேன்.

இனி முருகன். தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 500க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மாமியாரை அதற்கு வற்புறுத்த வேண்டாம். அடிவாரத்துப் பிள்ளையாரையும், அதே சாலையில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் முருகனையும் அவர் சிரமமில்லாமல் தரிசிக்கலாம். மலைமேல் முருகன்தான் வேண்டும் என்றால் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) அழைத்துப் போங்கள். 1923 முதல் அங்கே மலை ரயில் ஓடுகிறது. 2011இல் புதுப்பித்தபின் நடுவழியில் வண்டி மாற வேண்டியதும் இல்லை. உச்சியில் பள்ளிவாசலும் திருமுருகன் ஆலயமும் அருகருகே இருக்கின்றன. நிலையத்திலிருந்து சற்று மேடாக நடக்க வேண்டும். கைத்தாங்கலாக மெல்ல அழைத்துப் போகலாம். காலையில் முதல் வண்டிகளிலேயே ஏறிவிடுங்கள். பொழுது ஏறினால் வரிசையில் நின்றே அவருக்குக் கால் வீங்கிவிடும். மைகார்டை (அடையாள அட்டை) மறக்காதீர்கள், மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு.

கேள்வி: கையில் அதிகக் காசு இல்லாத நண்பர்கள் நால்வர் ஒரு பகல் மட்டும் ஜார்ஜ்டவுனில் சுற்ற வேண்டும். எதைப் பார்ப்பது? (ஒரு வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: காசில்லாமல் பார்க்க வேண்டியவை எல்லாம் ஒரே சாலையைச் சுற்றியே இருக்கின்றன, தம்பி. ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில் நடந்தால், 1818இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், நம் முன்னோர் 1801இல் எழுப்பத் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று வரிசையாக வரும். 'நம் முன்னோர்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதைக் கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். இந்தியர்களைக் குறித்து, இன்று நம்மைச் சுடும் அந்தக் 'கெலிங்' என்ற சொல் அன்று வசைச்சொல் அல்ல. பக்கத்தில் குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன் படம் எடுக்க ஒரு கூட்டமே காத்துக்கிடக்கும். ஐந்து நிமிடத்துக்குமேல் அங்கே நிற்காதீர்கள்; அந்த நேரத்தில் கடல்மேல் மரக்கால் ஊன்றிய சீனர் வீடுகளைப் பார்க்கச் சூ படகுத்துறைக்கு நடந்துவிடலாம். கால் வலித்தால் கட்டணமில்லாத கேட் (CAT) பேருந்து பட்டணத்துக்குள் சுற்றுகிறது. மதியம் நாசி கண்டார் சாப்பிடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோலக் கம்பு சுமந்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் தொங்கவிட்டு விற்ற உணவு அது. கண்டார் என்பது அந்தக் கம்புதான். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல 'பஞ்சிர்' என்ற ஒரு சொல் போதும். இறாலையும் மீன்முட்டையையும் கைகாட்டுமுன் மட்டும் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போகக் கூடாது? கடலில் குளிக்கலாமா? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: செப்டம்பர், அக்டோபரில் அங்கே மழை அதிகம், ஜனவரியும் பிப்ரவரியும் வெயில் மாதங்கள். பத்து ஃபெரிங்கியில் மணல் நன்றாக இருக்கும், தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்காது, சில வேளைகளில் ஜெல்லி மீன்களும் வரும். கடற்கரையில் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் பிள்ளைகளைக் கரையிலேயே விளையாட விடுங்கள்.