கேளுங்கள், சொல்கிறேன்: மலை ரயிலும் கொட்டாவியும்

கேள்வி: ஏழாம் வகுப்புக்காகச் செயற்கை நுண்ணறிவிடம் சோலைக்காடு பற்றி ஒரு விளையாட்டுக் கதை எழுதி வாங்கினேன். 'மரத்தை வெட்டுவாயா, காப்பாற்றுவாயா?' என்றெல்லாம் கேட்கிறது. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கொட்டாவி விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: வெட்டுவேன் என்று எந்தப் பிள்ளை டீச்சரிடம் சொல்லும்? விடை தெரிந்த விளையாட்டு அது.

நானும் இதில் வழுக்கியவன்தான். குன்னூரில் பேத்தியின் வகுப்புக்காக மலை ரயில் விளையாட்டு ஒன்று கேட்டேன். வந்த கதையில் தண்டவாளத்தை மூடிப் பனிமழை கொட்டியது! நம் ஊரில் விழுவது உறைபனி. புல்லில் உப்புத் தூவியதுபோல் கிடக்கும், வெயில் ஏறினால் போய்விடும். அதற்கா ரயில் நிற்கும்? பேத்தி சிரித்தே மானத்தை வாங்கிவிட்டாள்.

அப்புறம் சரக்கை நானே கொடுத்தேன். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர். பல் தண்டவாளம், அதாவது இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல் வைத்த நடுச்சட்டம், கல்லாறு முதல் குன்னூர் வரை மட்டும். அங்கே இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். 'நவம்பர் மழை. ஹில்குரோவ் ஸ்டேஷன் தாண்டி மண் சரிவு. நீதான் ரயில் கார்டு. பெட்டியில் ஒரு கர்ப்பிணி. காத்திருந்தாலும் திரும்பினாலும் ஏதாவது ஒரு நஷ்டம் வர வேண்டும். சரியான விடையைச் சொல்லாதே' என்று தட்டினேன்.

கடைசி பெஞ்சுப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் சண்டை போட்டார்கள். உங்கள் சோலைக்கும் இதேபோல் செய்யுங்கள்: மரத்துக்குப் பதில், கோடையில் வற்றும் ஓடையில் ஆரம்பியுங்கள்.