மெமரி: நினைவா, ஞாபகமா?

'மெமரி என்ற சொல்லுக்குப் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சும்மா இருப்பவர் யாரும் இதைக் கேட்க மாட்டார்.

மூலம் எளிது. லத்தீனில் 'மெமோர்' என்றால் மனத்தில் வைத்திருப்பவர். அதிலிருந்து 'மெமோரியா' பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சமஸ்கிருத 'ஸ்மிருதி' அதற்குத் தூரத்து உறவு. சிக்கலெல்லாம் தமிழுக்கு வரும்போதுதான்.

ஒருமுறை மருத்துவக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுகளில் 'மெமரி லாஸ்' என்று இருந்தது. 'நினைவிழப்பு' என்று போட்டேன். நல்ல தமிழில் எழுதிவிட்டோம் என்ற பெருமை வேறு. அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்துப் பார்த்த ஒரு பெரியவர் கேட்டாராம்: "இதைப் போட்டா மயங்கி விழுந்துருவேனா?"

அவர் மேல் தப்பே இல்லை. 'நினைவு தப்பிவிட்டது', 'நினைவு திரும்பியது' என்றெல்லாம் நாம் மயக்கத்தைத்தானே சொல்கிறோம்? நினைவு என்ற சொல்லுக்குள் எண்ணம், சுயவுணர்வு, ஞாபகம் மூன்றும் குடியிருக்கின்றன. அதன் கூடப்பிறந்த 'நினைப்பு' இன்னும் மோசம். 'பெரிய ஆள்னு நினைப்பு' என்று திட்டும்போது அதில் மெமரி எங்கே இருக்கிறது?

'ஞாபக மறதி' என்று மாற்றினேன். ஞாபகத்தையே எப்படி மறப்பது என்று தர்க்கம் பேசாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'ஞாபகம் வடசொல் ஆயிற்றே' என்று கிளம்புகிறவர்களுக்கு: ஆமாம், வடசொல்தான். ஆனால் சமஸ்கிருதத்தில் 'ஞாபக' என்றால் அறிவிப்பது, உணர்த்துவது. மெமரி என்ற பொருளில் அதைப் புழங்குவது நாமும் தெலுங்கர், கன்னடர் போன்றோரும்தான். நான் தமிழுக்கு எதிரி இல்லை. 'உள்ளுவன் மன்யான் மறப்பின் மறப்பறியேன்' என்ற குறளை (1125) எனக்கும் பிடிக்கும். மறந்தால்தானே நினைப்பேன், எனக்கு மறக்கவே தெரியாதே என்கிறான் காதலன். அந்த 'உள்ளுதலை' மாத்திரை அட்டையில் போட முடியுமா, சொல்லுங்கள்.

கணினிக்கு 'நினைவகம்' சரியாகவே பொருந்துகிறது. இயந்திரம் மயங்கி விழாதே. என்ன, 'போன்ல மெமரி ஃபுல்' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் ரேமை (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகத்தை) இல்லை, படமும் வீடியோவும் அடைத்துக்கொண்டிருக்கும் சேமிப்பிடத்தை.

கடைசியாக, கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சொல் கணக்கில்தான் கூலி, அதுவும் தமிழ்ச் சொல்லை எண்ணி. ஆங்கிலத்தில் நாலு சொல்லில் வருவது தமிழில் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும், காசும் ஒரு சொல்லுக்குத்தான். 'ஞாபக மறதி'யை நான் எப்போதும் பிரித்தே எழுதுவதற்குக் காரணம் இலக்கணம் இல்லை.